ஆறு முளைகள்

வீட்டில் கிதார் கற்றுக்கொள்ளும் பிள்ளையோ பெண்ணோ உள்ள நேயர்கள் இப்போது அநேகர். வாத்தியத்துக்குச் சில ஆயிரங்கள் கொடுத்தாயிற்று. வாத்தியாருக்கு மாதந்தோறும் கொடுத்து வருகிறார்கள். பிறகு ஒரு நாள், "அப்பா, இந்தப் பிளாஸ்டிக் முளைகளை எடுத்துவிட்டு எலும்பு முளை போட்டால் நாதம் பிரமாதமாயிருக்குமாம்!" என்று மனு வருகிறது. இதற்குச் சம்மதிக்கலாமா? சம்மதித்தால் காரியத்தை எப்படிச் செய்வது?

கடைக்காரரிடம் 'பிரிட்ஜ் பின்' என்று கேட்டால்தான் கிடைக்கும். நாம் முளை என்றே சொல்லுவோம். நைலான் தந்தி பூட்டிய கிதாரில் இந்த முளை கிடையாது. அங்கே தந்தியைக் குதிரையிலேயே முடிந்துவிடுகிறார்கள். ஆகவே, எஃகுத் தந்தி வாத்தியம் வைத்திருப்பவர்கள் மேலே படித்தால் போதும்.

நமது வீணையில் தந்திகள் குதிரையைக் கடந்து சென்று நாகபாசத்தில் முடிகின்றன. கிதாரில் அந்த ஏற்பாடு இல்லை. அதன் குதிரை மெல்லிய மேற்பலகையின்மீது பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. ஆறு தந்திகளும் அங்கேயே முடிகின்றன. சாதாரண மெல்லிய தந்திகளைச் சுருதி கூட்டினால் மொத்த இழுப்பு ஏறக்குறைய 70 கிலோ, அதாவது ஓர் ஆளின் எடை. (அக்குதிரையின்மேல் தந்தி படிந்து செல்லும் வெள்ளைத் துண்டுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் சேணம். குதிரை என்று பெயரிட்டவர்கள் நாம். சேணம் பூட்டியவர்கள் அவர்கள்!)

இவ்வளவு இழுப்பையும் அந்தச் சிறு முளைகள்தான் பிடித்து நிறுத்துகின்றன என்று பலர் எண்ணுகிறார்கள். தொல்லையெல்லாம் அந்த எண்ணத்திலிருந்துதான் பிறக்கிறது. தந்தியின் நுனியில் ஒரு சிறு உலோகக் குண்டு இருக்கிறது. மேற்பலகையின் உட்புறத்தில், குதிரைக்கு நேர் கீழே, கடினமான மரத்தில் ஒரு தாங்கு பலகை ஒட்டியிருப்பார்கள். குண்டு அந்தப் பலகையின் அடியில் மாட்டிக்கொண்டு இழுப்பைத் தாங்குகிறது. குண்டு நழுவி மீண்டும் துவாரத்துக்குள் வந்துவிடாதபடி ஒதுக்கி வைப்பதுதான் முளையின் உத்தியோகம். வாயிற்காப்போன் வேலையே தவிர, பாரந்தாங்கி வேலை அல்ல.

குண்டு தாங்கு பலகையில் மாட்டாமல் முளையின் நுனிக்குக் கீழேயே தங்கிவிட்டால் என்ன ஆகும்? சுருதி ஏற ஏற, முளையும் மேலே ஏறும். கடைசியில் 'டப்' என்று தெறிக்கும். உடனே ஒரு சுத்தியலைத் தேடிக்கொண்டு வந்து முளையைத் தட்டி இறக்குகிறவர்கள் உண்டு. ஐயோ, வேண்டாம்! துவாரங்கள் ஆறும் குதிரையில் மர ரேகையின் போக்கிலேயே அமைந்தவை. தபால் தலைத் தாளில் வரிசையாகத் துளையிட்டிருப்பது எதற்கு? கிழிவதற்குத்தானே? முளையை ஆப்பாக அடித்தால் குதிரையும் அந்த வரிசையில் பிளந்து போகும்.

சரியான முறை சுலபமானது. குண்டுக்குச் சற்று மேலே தந்தியை இலேசாக வளைத்துத் துவாரத்தில் விடவேண்டும். முளையில் பள்ளமிருந்தால் அப்பள்ளம் தந்தியைப் பார்த்திருக்கும்படி முளையைத் தளர்வாகச் செருகவேண்டும். பிறகு, குண்டு போய் மாட்டியது கைக்குத் தெரியும்வரை தந்தியை மேல்நோக்கி இழுத்து, கட்டை விரலால் முளையை அழுத்தவேண்டும். கட்டை விரலின் பலமே போதும்.

பழைய முளை வர மறுத்தால் குறட்டை எடுக்கவேண்டாம், தலை உடைந்துவிடும். முதலில் தந்தியை நன்றாகத் தளர்த்திவிட்டு, நாதத் துவாரத்தின் வழியே கையை விட்டு, ஒரு நாணயத்தால் முளையின் அடியை மேலே தள்ளினால் வந்துவிடும்.

புதிய முளை வாங்கும்போது நிறத்தைவிடச் சரிவைக் கவனிக்கவேண்டும். முளை கீழே செல்லச் செல்ல ஒடுங்குகிறதல்லவா? அந்தச் சரிவு சிலவற்றில் 3 பாகை, சிலவற்றில் 5 பாகை. வாத்தியத்தின் துவாரத்துக்குப் பொருந்தாத முளை மேலே இறுகி அடியில் ஆடும், அல்லது அடியில் இறுகி மேலே ஆடும். துவாரத்தைக் குடைந்து பெரிதாக்கக் கருவி இருக்கிறது. ஆனால் குடைந்த மரம் திரும்பி வராது. அதை அனுபவசாலியிடம் விட்டுவிடுவதே நலம்.

எலும்பு, கருங்காலி, பித்தளை என்று பல தினுசுகள் விற்கின்றன. முன்னாளில் தந்தத்திலும் செய்தார்கள். 1989-ம் வருஷம் லோஸான் நகரில் கூடிய நாடுகள் ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் சர்வதேச வியாபாரத்தைத் தடுக்கத் தீர்மானித்தன. யானைக்கு அதனால் நன்மை. கிதாருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. பித்தளை கனமானதால் குதிரையின் அசைவில் சிறிது மாறுதல் உண்டாகலாம். மற்றபடி, முளையை மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் தந்தியையும் கூடவே புதிதாக மாற்றுகிறார்கள். புதுத் தந்தியின் கணீரென்ற ஒலிக்கு முளை பேர் வாங்கிக்கொண்டு போகிறது! பிளாஸ்டிக் முளை வளைந்தோ தேய்ந்தோ போயிருந்தால் எலும்பு முளை வாங்கலாம்; அது நீடித்து உழைக்கும். நாதத்துக்காக மட்டும் என்றால், முதலில் புதுத் தந்தி போட்டுக் கேட்டுவிட்டு யோசிக்கலாம்.

இன்னொன்று. தந்தி நுனியிலுள்ள தடித்த முறுக்கு சேணத்தின் மேலேயே வந்து நின்றால், உள்ளே தாங்கு பலகை தேய்ந்து, குண்டு மேலேறி வந்திருக்கிறது என்று சந்தேகிக்கவேண்டும். அப்போது எந்த முளையாலும் பிரயோஜனமில்லை. ஒரு சிறு கண்ணாடியையும் விளக்கையும் உள்ளே விட்டுப் பார்த்தால் துவாரங்களைச் சுற்றி மரம் குதறிப் போயிருப்பது தெரியும். முளைக்கு ஒதுக்கிய பணத்தை வாத்தியம் பழுது பார்ப்பவருக்குக் கொடுத்து, அந்தப் பலகையை ஒட்டுப்போடச் சொல்லவேண்டியதுதான்.