ஸ்கூட்டிக்கு லைசென்ஸ், சிசர் லிஃப்ட்டுக்கு?

ஒரகடம் கூட்டுரோட்டில் லைசென்ஸ் இல்லாமல் ஸ்கூட்டி ஓட்டினால் போலீஸ் பிடித்து நிறுத்தும். ஆர்.டி.ஓ. முன்னால் எட்டுப் போட்டுக் காட்டி வாங்க வேண்டிய லைசென்ஸ் அது. அதே ஆள் சிப்காட் கம்பெனி கேட்டுக்குள் நுழைந்து, சிசர் லிஃப்ட்டில் ஏறி, நாற்பதடி உயரத்தில் கூரை விளக்கை மாற்றலாம். எந்த ஆர்.டி.ஓ.வும் அவரிடம் ஒரு துண்டுச் சீட்டுக்கூடக் கேட்க முடியாது. தொழிற்சாலைக்குள்ளோ அடைத்த வளாகத்துக்குள்ளோ மட்டும் ஓடும் சிறப்பு வண்டியை, 1988 மோட்டார் வாகனச் சட்டம் 'மோட்டார் வாகனம்' என்ற வரையறையிலிருந்தே கழற்றி விட்டுவிட்டது.

சரி, தொழிலாளர் சட்டமாவது பிடித்ததா? 1948 தொழிற்சாலைச் சட்டம், விழும் ஆபத்துள்ள உயரத்தில் வேலை செய்தால் தடுப்பு வேண்டும் என்றது. அதுவும் 'நடைமுறையில் முடிந்த அளவுக்கு'! 1998 கட்டுமானத் தொழிலாளர் மத்திய விதிகள், தூக்கும் இயந்திரத்தை இயக்குபவருக்குப் 'போதுமான' திறமையும் பயிற்சியும் வேண்டும் என்றன. எது போதுமானது? பத்து நிமிடம் லீவரைக் காட்டிவிட்டு ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கினாலும் போதுமானதுதான்.

இதில் பயிற்சிக்கு என்ன இருக்கிறது, மேலே போய் கீழே வருவதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. நிறைய இருக்கிறது. கட்டடத்துக்குள் மட்டும் பயன்படுத்தத் தயாரித்த மேடையை வெளியே காற்றில் உயர்த்தினால் கவிழலாம். பூம் லிஃப்ட்டின் சக்கரம் ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கினால் போதும், மேலே கூடையில் நிற்பவரைக் கவண்கல் மாதிரி வீசிவிடும். அதனால்தான் அங்கே பெல்ட்டை மாட்டச் சொல்கிறார்கள். கூரை உத்தரத்தைக் கவனிக்காமல் மேடையை உயர்த்தினால் ஆள் கைப்பிடிக்கும் உத்தரத்துக்கும் நடுவில் நசுங்குவார். அப்போது அவரால் லீவரைத் தொடக்கூட முடியாது. கீழே அவசரமாக இறக்கும் அமைப்பு இருக்கும். கீழே நிற்பவருக்கு அது எங்கே இருக்கிறது, எப்படி இழுப்பது என்று தெரிந்திருந்தால்தான் மேலே இருப்பவர் பிழைப்பார். ஆக, பயிற்சி ஏறுகிறவருக்கு மட்டுமல்ல.

இது ஏதோ கற்பனை பயம் அல்ல. 2010 அக்டோபர் 31 அன்று ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் ஓர் இளம் பெண் தொழிலாளி இயந்திரத்தில் கழுத்து சிக்கி உயிரிழந்தார். அது லிஃப்ட் அல்ல, உற்பத்தி வரிசையில் இருந்த இயந்திரம். அதை உடைத்து அவரை உடனே மீட்க விடாமல் தாமதித்தார்கள் என்று சக தொழிலாளர்கள் குற்றம் சாட்டினார்கள். மாட்டிக்கொண்ட ஆளை எப்படி வெளியே எடுப்பது, அதற்கு உத்தரவிட யாருக்கு அதிகாரம் என்பதை விபத்துக்கு முன்பே எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். ஆலை 2014ல் மூடப்பட்டது. கேள்வி மூடப்படவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூர் போய் வேலை செய்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். 2013 விதிகளின்படி அங்கே உயரத்தில் வேலை செய்பவர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். 3 மீட்டருக்கு மேலே இருந்து விழக்கூடிய வேலை என்றால் அனுமதிச் சீட்டு இல்லாமல் தொடங்கக் கூடாது. 1983ல் தொடங்கப்பட்ட 'ஐபாஃப்' என்ற சர்வதேச அமைப்பு தரும் பயிற்சி அட்டை 5 வருடம்தான் செல்லும். எந்த வகை மேடைக்கு என்பதும் அதிலேயே இருக்கும். சிசர் ஓட்டத் தெரிந்தவர் பூம் ஓட்டக் கூடாது. அதே மனிதர் ஊருக்குத் திரும்பி ஒரகடத்தில் காண்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்தால், அவர் உயிருக்கு மட்டும் விதி மாறிவிடுகிறதா?

லைசென்ஸ் என்று வந்தால் லஞ்சமும் வரும் என்பார்கள். நியாயமான பயம்தான், ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். ஆனால் புரோக்கர் வாங்கித் தருகிறார் என்பதற்காக பஸ் டிரைவருக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லையே! போபால் விபத்துக்குப் பிறகு 1987ல் சேர்த்த 111ஏ பிரிவு, பாதுகாப்புப் பயிற்சி கேட்கும் உரிமையைத் தொழிலாளிக்கே கொடுத்தது. நாளைக்கு வேலை இருக்குமா என்றே தெரியாத காண்ட்ராக்ட் தொழிலாளி அதை யாரிடம் போய்க் கேட்பார்?

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் பணிப் பாதுகாப்புத் தொகுப்பு வந்திருக்கிறது. பழைய சட்டத்தில் விதிமீறலால் உயிர் போனால் குறைந்தபட்ச அபராதம் 25,000 ரூபாய். புதியதில் அபராதம் என்றால் 5 லட்சத்துக்குக் குறையக் கூடாது, இரண்டு வருடம் வரை சிறையும் உண்டு. நல்லது. ஆனால் செத்த பிறகு கட்டும் பணம் அது. ஏறுவதற்கு முன் காட்ட வேண்டிய அட்டை அந்தத் தொகுப்பிலும் இல்லை.

இதற்கு டெல்லியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பெயர், போட்டோ, மேடையின் வகை, முடிவு தேதி போட்ட அட்டை இல்லாத யாருக்கும் சாவி கிடையாது என்று கார் கம்பெனிகள் தங்கள் காண்ட்ராக்ட்டில் ஒரு வரி சேர்த்தால் போதும். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி டிஃபன் பாக்ஸ் வரைக்கும் திறந்து பார்க்கிறார். அப்படியே அந்த அட்டையையும் பார்க்கட்டும்.