எப்பெட்டி கொள்வது?

2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் முதல், 32 அங்குலத்திற்கு மேற்பட்ட தொலைக்காட்சிப் பெட்டிகளின்மீது விதிக்கப்படும் சரக்கு சேவை வரி 28 விழுக்காட்டினின்றும் 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அன்று தொடங்கி எம் இல்லத்தில் அமைதியும் குறைந்தது. எம் தமையனார் ஒரகடத்தில் மோட்டார் வண்டிகளுக்கு உறுப்புகள் செய்யும் தொழிற்சாலையொன்றில் ஒப்பந்தத் தொழிலாளராக உழைத்து வருகின்றார். வீட்டிலிருந்த பழைய பெட்டி பழுதுற்றமையின், புதியதொன்று வாங்கக் கருதிக் கடைக்குச் சென்றவர், ஆங்கு அடுத்தடுத்து வைக்கப்பட்டிருந்த இரண்டு பெட்டிகளைக் கண்டு மீண்டார். ஒன்று 43 அங்குல எல்.சி.டி. பெட்டி, விலை 24,000 ரூபாய். மற்றொன்று 55 அங்குல ஓலெட் பெட்டி. விலை 1,08,000 ரூபாய். திங்களுக்கு 4,500 ரூபாயாக 24 தவணைகளிற் செலுத்தலாம் என்றனராம். "தம்பீ, அதில் இருள் இருளாகவே தெரிகின்றது. வரி குறைந்ததில் ஒன்பதாயிரம் ரூபாய் மிச்சமும் ஆகின்றது" என்றார். மலிந்த பெட்டியில் மிச்சமாவது இரண்டாயிரமே என்பதனையும் அவர் எடுத்துக் காட்டத் தவறவில்லை. மிகுதியாகச் செலவிடுவோனுக்கே மிகுதியாக மிஞ்சும் இக்கணக்கு எமக்கு வியப்பைத் தந்தது.

இத்தகையதொரு பொருள் கல்லூரி மலரின் தமிழ்ப் பகுதியில் இடம்பெறத் தக்கதன்று என்று கருதும் அன்பர் சிலர் இருத்தல் கூடும். தாம்பரத்தினின்று படப்பை வழியாக ஒரகடம் செல்லும் பேருந்தில் ஒருநாள் ஏறி, ஷிப்டு முடிந்து திரும்புவோர் பேசிக்கொள்வதைக் கேட்பாராயின் அவர் தம் கருத்தை மாற்றிக்கொள்வர். எனவே இவ்வழக்கை ஈண்டு ஆராயப் புகுந்தோம். மலிந்த பெட்டியின் சார்பிலேயே யாம் பேசுகின்றோம் என்பதை முதற்கண்ணே கூறிவிடுதல் நேர்மை.

முதலாவது, அவ்விரு பெட்டிகளும் இயங்குமாறு அறிதல் வேண்டும். எல்.சி.டி. என்பது திரவப் படிகத் திரை. திரவம்போல் ஓடியும் படிகம்போல் ஒழுங்குற்றும் நிற்கும் இவ்விந்தைப் பொருளின் இயல்பை, பிராகு நகரிற் பணியாற்றிய ஆஸ்திரிய நாட்டுத் தாவர நூற்புலவர் பிரீட்ரிக் ரைனிட்சர் 1888-இற் கண்டார். இத்திரை தானே ஒளிர்வதன்று. பின்னே விளக்குகள் எரிய, முன்னேயுள்ள படிகம், ஒளியை ஒரு திசைக்கு அடக்கும் மெல்லிய ஏடுகளோடு கூடி, கதவுபோல் நின்று ஒளியை விடுதலும் தடுத்தலும் செய்கின்றது. கதவு எத்துணை இறுகச் சாத்தினும் இடுக்கு வழியே சிறிது ஒளி கசிதல் உண்டன்றோ? ஆதலின் எல்.சி.டி. காட்டும் கருமை உண்மையிற் சாம்பல் நிறமே. ஓலெட்டோ, கரிமச் சேர்மங்களின் மெல்லிய படலத்தில் மின்சாரம் பாய்ச்சி, ஒவ்வொரு புள்ளியையும் தானே ஒளிரச் செய்வது. ஈஸ்ட்மன் கோடக் ஆய்வுக்கூடத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் என்னும் இருவர் 1987-இல் இதன் வழியைக் காட்டினர். சோனி நிறுவனம் 2007-இல் 11 அங்குலப் பெட்டியொன்றை விற்பனைக்குக் கொணர்ந்தது. இருள் வேண்டிய இடத்தில் அப்புள்ளி அணைந்தேவிடும். எனவே தமையனார் கூறியது மெய். இருள் அதில் இருளே.

இவ்விடத்து ஒன்று கூறல் வேண்டும். யாம் பிறந்தது 2006-ஆம் ஆண்டு. அவ்வாண்டுத் தேர்தலில் தி.மு.க. வாக்களித்து, செப்டம்பர்த் திங்களில் அரசு வழங்கத் தொடங்கிய 14 அங்குல இலவச வண்ணப் பெட்டியொன்று எம் இல்லத்திற்கும் வந்தது. எமது எழுத்தறிவின் ஒரு பகுதி அப்பெட்டியின் கீழே ஓடிய செய்தி வரிகளால் வந்ததே. அஃது எதிர்மின் கதிர்க்குழாய்ப் பெட்டி. கதிர் படாத இடத்தில் ஒளி இராது. கண்ணாடி சிறிது, படம் மங்கல், முதுகோ பெரும் பாரம். ஆயினும் விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்குங்கால் இருளைக் காட்டும் அவ்வொரு குணத்தில் அது பிற்காலத்து மலிந்த எல்.சி.டி.யை வென்றது. விலையின்றி வந்த பெட்டியிலிருந்த அந்நலத்தை இன்று இலக்கம் ரூபாய் கொடுத்து மீட்கச் சொல்கின்றனர்! இதனை அன்னையாரிடம் கூறினோம். "அந்தப் பெட்டியைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டிருக்க வேண்டியதில்லை" என்றார்.

நிற்க, கடைக்காரர் வழங்கும் பெயர்களிலும் மயக்கம் உண்டு. எல்.ஈ.டி. பெட்டி என்பது வேறொன்றன்று, பின்னே எல்.ஈ.டி. விளக்கு வைத்த எல்.சி.டி.யே. கியூலெட் என்பதும் அத்தகையதே. நிறத்தைச் செம்மைப்படுத்தும் நுண்துகட் படலம் ஒன்று இடையே சேர்க்கப்பட்ட எல்.சி.டி. அத்துகள்களின் ஆராய்ச்சிக்கு 2023-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது உண்மை. ஆயினும் ஓ என்னும் எழுத்தும் கியூ என்னும் எழுத்தும் ஆங்கிலத்தில் ஒரு சிறு வாலால் மட்டுமே வேறுபடுவன. அவ்வால் அறியாது பணத்தை இழந்தாரும் உளர்.

இனி எம் அறையை நோக்குவாம். ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் ஆகிய இப்பகுதிகளில் தொழிலாளர் வாழும் வாடகை வீடுகள் பெரும்பாலும் எத்தன்மையன என்பது இவ்வழியே செல்வார் அறிவர். எம் முன்னறை பத்தடிக்குப் பத்தடி. மேலே இரும்புத் தகடு. காற்று வேண்டிப் பகலெல்லாம் கதவு திறந்தே கிடக்கும். தெருவின் வெயில் நேரே திரையின்மீது விழும். அவ்வெயில் பட்ட கண்ணாடி எதுவாயினும் அதன் கருமை சாம்பலே. இருட்டறையில் மட்டுமே விளங்கும் நலத்தை இருளே இல்லாத அறைக்கு விலைகொடுத்து வாங்குதல் எற்றுக்கு? அன்றியும் கேபிள் வழியே எம் வீட்டிற்கு வரும் நெடுந்தொடர்கள் சாதாரணத் தரத்தன. அவற்றை 55 அங்குலத்திற்குப் பெருக்கி ஆறடித் தொலைவிலிருந்து பார்ப்பின், நாயகியின் முகத்திலுள்ள கலக்கம் கதையால் வந்ததோ கேபிளால் வந்ததோ என்று ஐயுற நேரும்.

இதற்குத் தமையனார் ஒரு மறுமொழி கூறினார். அது வலியுடையது, அதனை மறைத்தல் தகாது. அவருக்கு வாரந்தோறும் ஷிப்டு மாறும். நள்ளிரவில் வீடு திரும்பி, பிறர் துயில, விளக்கேற்றாது ஒரு திரைப்படம் பார்ப்பதே அவர்தம் ஓய்வு. அவ்வேளையில் அறை இருண்டே இருக்கும். ஓலெட்டின் சிறப்பைத் துய்க்கத் தக்கவர் ஒருவர் எம் வீட்டில் உண்டெனின் அவர் அவரே. இதனை ஒப்புக்கொண்டோம். ஆனால் அப்பெட்டி அவர் பார்க்கும் இரண்டு மணி நேரத்திற்கு மட்டும் உழைப்பதன்று. எஞ்சிய பொழுதெல்லாம் அன்னையாரின் செய்திச் சானலும் தொடர்களும் ஓடும். மூலையில் அசையாது நிற்கும் சானல் முத்திரை, கீழே நீங்காத செந்நிறப் பட்டை ஆகியவையே ஓலெட்டிற்குப் பகை. கரிமப் பொருள் ஒளிர ஒளிரத் தேய்வது. ஒரே இடத்தில் ஒரே உரு நாள்தோறும் பல மணி நேரம் நிற்குமாயின் அவ்விடம் பிறவற்றினும் முந்தித் தேய்ந்து, அவ்வுருவே தழும்பாகப் பதியும். இதனைத் தடுக்கும் உபாயங்களைச் செய்வோர் சேர்த்துள்ளனர் என்பது உண்மையே. திரை அணைந்தபின் பெட்டி தானே புள்ளிகளை அளந்து சமன் செய்துகொள்ளும். அதற்கு ரிமோட்டால் அணைத்துவிட்டு மின்சாரத்தை விட்டுவைத்தல் வேண்டும். எம் அன்னையாரோ, பெட்டியை அணைத்தவுடன் சுவரிலுள்ள ஸ்விட்சையும் அணைத்தாலன்றி உறங்கச் செல்லார். தமிழ்நாட்டு அன்னையர் பலரும் அத்தகையரே என்று துணிகின்றோம். அவர்களைத் திருத்துதலினும் வேறு பெட்டி வாங்குதல் எளிது.

பழுது நேர்ந்தாலும் இரண்டும் ஒரு நிலையினவல்ல. மலிந்த எல்.சி.டி.யில் முதலிற் கெடுவது பெரும்பாலும் பின்னொளி விளக்குப் பட்டை. ஒலி கேட்கும், படம் இருண்டிருக்கும். சுங்குவார்சத்திரத்துக் கடைத்தெரு மெக்கானிக் திரையைக் கழற்றிப் பட்டையை மாற்றித் தருவார். ஓலெட்டிலோ விளக்கும் திரையும் ஒன்றே. திரை கெடின் திரையையே மாற்றல் வேண்டும். அதன் விலையைக் கேட்டபின் பலர் புதுப்பெட்டியே வாங்குகின்றனர்.

இவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்ட தமையனார் இறுதியாகக் கூறியது எம்மைச் சிறிது நேரம் வாயடைக்கச் செய்தது. "இந்தச் சாலையில் என்னதான் செய்யவில்லை? கார், செல்பேசி, டி.வி. எல்லாம் இங்கேதான் முடிந்து போகின்றன. முடித்து அனுப்புகிறவன் மட்டும் இரண்டாந்தரத்தைத்தான் பார்க்க வேண்டுமா?" என்றார்.

அவர் கூறியதில் உண்மை உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இற் கார் செய்யத் தொடங்கியது. சாம்சங் நிறுவனம் 2007 முதல் சுங்குவார்சத்திரத்தை அடுத்த தன் ஆலையில் தொலைக்காட்சிப் பெட்டியும் குளிர்பதனப் பெட்டியும் சலவைப் பொறியும் செய்து வருகின்றது. ஆயினும் பெட்டியின் விலையிற் பெரும்பங்கு பெறும் திரைப்பலகை வெளிநாட்டினின்றே வருவது. அதற்கு இறக்குமதி வரி விதிக்கப்பட்டதன் பின், 2018-இல் அந்நிறுவனம் இங்குப் பெட்டி கோத்தலை நிறுத்தி வியட்நாமிலிருந்து தருவித்ததும், பின்னர் மீளத் தொடங்கியதும் செய்தித்தாள் படிப்போர் அறிந்ததே. பெரிய ஓலெட் பலகைகளைச் செய்து தருவோர் பெரும்பாலும் கொரிய நாட்டு எல்.ஜி. டிஸ்பிளே, சாம்சங் டிஸ்பிளே என்னும் இருவரே. விலை இறங்காமைக்கு இதுவும் ஒரு காரணம். எனவே இலக்கம் ரூபாயில் இச்சாலையின் உழைப்பாளிக்குச் சேர்வது மிகச் சிறிதே. அதனை வாங்குவதனால் அவன் தன் உழைப்பைத் தான் பெற்றவன் ஆகான்.

ஆயினும் எம் மறுப்பின் உயிர்நிலை திரையிலன்று, தவணையில் உள்ளது. தமையனாரின் ஒப்பந்தம் 11 திங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. தவணையோ 24 திங்கள். கடனின் ஆயுள் வேலையின் ஆயுளினும் இருமடங்கு நீண்டுள்ளது! ஊதியம் 18,000 ரூபாய்; அதில் நாலில் ஒரு பங்கு பெட்டிக்கே செல்லும். தங்கை செவிலியர் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயில்கின்றாள். அவள் கட்டணம் செலுத்தும் திங்களிலும் அப்பங்கு காத்திராது. வட்டியில்லாத் தவணை என்கின்றனர். வட்டியே இல்லாக் கடன் என்பதொன்று இல்லை, அது விலையிலோ கட்டணத்திலோ மறைந்திருக்கும் என்னும் கருத்துப்பட 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு எச்சரிக்கை விடுத்திருக்கின்றது.

இச்சாலையில் வேலை என்பது எத்துணை உறுதியுடையது? 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் திறக்கப்பட்ட நோக்கியா ஆலை, உலகெங்கும் செல்பேசி அனுப்பிப் பெயர் பெற்றது. 2014 நவம்பர் முதல் நாளில் அதன் உற்பத்தி நின்றது. அவ்வாண்டில் தவணை கட்டிக்கொண்டிருந்தோர் எத்துணையரோ! 2024 செப்டம்பர் 9 தொடங்கி ஒரு திங்களுக்கு மேல், சாம்சங் ஆலைத் தொழிலாளர் ஆயிரவர்க்கு மேற்பட்டோர், தம் சங்கத்திற்கு ஏற்பும் ஊதிய உயர்வும் வேண்டி வேலைநிறுத்தம் செய்தனர். அவர்தம் கோரிக்கையைப் பற்றி அன்பர்கள் எக்கருத்தும் கொள்க. ஒருவன் வேலைக்குச் செல்லேன் என்று ஒரு திங்கள் நிற்க வல்லனாதற்கு, அத்திங்களில் அவன்மேல் எத்தவணையும் விழாதிருத்தல் வேண்டும் என்பதே யாம் கூறுவது. மிகைநேர வேலைக்கு மேற்பார்வையாளர் அழைக்குங்கால், உடல் இயலாதபோதும் "வருகிறேன், ஐயா" என்று தமையனார் கூறுவதை யாம் கேட்டுள்ளோம். தவணை வந்தபின் அவ்விடையை மாற்றிக் கூறும் உரிமை 24 திங்களுக்கு இராது.

இதனாற் சிறந்ததைச் சிறந்ததென்று கூறாதொழிதல் எம் கருத்தன்று. இருட்டறையும் கைப்பணமும் உடையார், திரைப்படத்தைக் கலையென மதித்துக் காண்பார், ஓலெட்டையே வாங்குக. மலிந்ததை வாங்குவாரும் கண்ணை மூடி வாங்கற்க. அறையின் ஓரத்தில் அமர்ந்து பார்ப்போர் வீட்டில் மிகுதியாயின், கடையிலும் பக்கவாட்டில் நின்று நோக்கி, நிறம் வெளிறாத திரையைத் தேர்க. வீட்டிற்குக் கொணர்ந்ததும் பின்னொளியைச் சிறிது தாழ்த்தி வைப்பின் விளக்குப் பட்டை நெடுநாள் உழைக்கும்.

கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு முன் 43 அங்குல எல்.சி.டி.யே எம் வீடு வந்து சேர்ந்தது. சேர்ந்த நான்காம் நாள் இரவு, தமையனார் ஷிப்டு முடிந்து வந்து ஒரு படத்தை ஓடவிட்டார். காட்டில் நள்ளிரவுக் காட்சி. திரையின் இடப்பக்க மூலையில் வெளிறிய ஒளி கசிந்து நின்றது. அவர் எம்மைத் தட்டி எழுப்பி, "தம்பீ, இதுவா இருட்டு?" என்றார். இல்லையென்றே கூறினோம். மறுநாள், பெட்டியின் பின்னே சுவரை நோக்கிச் சிறு விளக்கொன்றைப் பொருத்தினோம். சுற்றிலும் சிறிது ஒளி இருப்பின் திரையின் கருமை மிக்கது போலத் தோன்றும் என்பர். அன்னையாருக்குத் தோன்றுகின்றது. தமையனாருக்குத் தோன்றவில்லை. வேலை நிரந்தரமாகட்டும், அப்பொழுது மற்றதை வாங்குவேன் என்கின்றார். அப்பொழுது யாம் தடை சொல்லோம்.