பையை எடுத்தாச்சு, சரி. எந்தப் பையை?

தேவதானப்பட்டி வட்டாரத்தில் மாந்தோப்புக்கும் கரும்புக்காட்டுக்கும் கூலிக்குப் போகும் பெண்களிடம் பேசும்போது, "எனக்குப் பையை எடுத்தாச்சு" என்ற பேச்சை அடிக்கடி கேட்கிறோம். அடுத்து நாங்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். கர்ப்பப்பையை மட்டும் எடுத்தார்களா, சினைப்பையையும் சேர்த்து எடுத்தார்களா? பலருக்குத் தெரியவில்லை. கணவருக்கும் தெரியாது. அந்தப் பெண்ணின் வயிற்றைக் கிழித்து எதை எடுத்தார்கள் என்பது அவளைத் தவிர அறுத்தவர்களுக்கு மட்டுமே தெரிந்த சங்கதியாக இருக்கிறது. இதைத்தான் நாங்கள் அநீதி என்கிறோம்.

ஏன் இந்தக் கேள்வி முக்கியம்? மாதவிடாய் வருவது கர்ப்பப்பையிலிருந்து. ஹார்மோன் சுரப்பது சினைப்பையில். இரண்டும் வேறு வேறு உறுப்புகள்.

கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் மாதவிடாய் நின்றுவிடும், குழந்தை பிறக்காது. ஆனால் சினைப்பை தன் வேலையைத் தொடரும். மாதா மாதம் மார்பு கனப்பது, எரிச்சல், அசதி சிலருக்கு இருந்துகொண்டே இருக்கும். அது நோய் இல்லை. ஹார்மோன் நிற்கும் காலம் மட்டும் சிலருக்குக் கொஞ்சம் முன்னதாக வரலாம். "தீட்டு ரத்தம் வெளியே போகாமல் உள்ளேயே தங்கிவிடுமே" என்று பயப்படுகிறார்கள். அந்த ரத்தம் கர்ப்பப்பையின் உள்சவ்வு உரிந்து வருவது. பையே இல்லாதபோது அந்த ரத்தம் உண்டாகவே வழியில்லை. கர்ப்பப்பையின் வாயை விட்டுவைத்து மேல்பகுதியை மட்டும் எடுத்திருந்தால், சிலருக்கு மாதந்தோறும் லேசாகக் கறை படலாம். அவர்கள் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையைத் தொடர்ந்து செய்துகொள்ள வேண்டும்.

இரண்டு சினைப்பையையும் எடுத்துவிட்டால் கதை வேறு. இயல்பாக நாற்பத்தைந்தைத் தாண்டி மெல்ல மெல்ல வர வேண்டிய மாற்றம், முப்பத்திரண்டு வயதுக்காரிக்கு ஒரே நாளில் வந்து இறங்குகிறது. உடம்பு திகுதிகுவென்று எரியும், நடுராத்திரியில் வியர்த்துக் கொட்டும், தூக்கம் போகும். பெண்ணுறுப்பு வறண்டு உறவு வலியாகும். வெளியே தெரியாத கெடுதல் இதைவிடப் பெரியது. எலும்பு தேயும், இதய நோய்க்கான வாய்ப்பு கூடும். இளம் வயதில் சினைப்பையை இழந்தவர்களுக்கு, மார்பகப் புற்றுநோய் போன்ற தடை இல்லையென்றால், இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயதுவரை ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கொடுப்பது உலகெங்கும் உள்ள மருத்துவ நடைமுறை. நம் சேரிப் பெண்களில் எத்தனை பேருக்கு அதைச் சொன்னார்கள்? "ஆபரேஷன் பண்ணினதிலிருந்து உடம்பு சரியில்லை" என்பவளைச் சோம்பேறி என்கிறது வீடு, கூலிக்கு ஆகாதவள் என்கிறது தோட்டம்.

இது எங்கள் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களைப் பாருங்கள். கணவனும் மனைவியும் ஒரே அரிவாளாகக் கணக்கிடப்பட்டு, முன்பணம் வாங்கி, மாதக்கணக்கில் வெட்டப் போகிறவர்கள். ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். மாதவிடாய் அங்கே நஷ்டக் கணக்கு. 2019இல் அரசு அமைத்த குழு 82,309 பெண்களிடம் விசாரித்ததில் 13,861 பேர் கர்ப்பப்பையை இழந்திருந்தார்கள். பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் நடந்த தேவையற்ற அறுவைகள் பற்றி டாக்டர் நரேந்திர குப்தா தொடுத்த பொதுநல வழக்கில், 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒன்றிய அரசின் வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்றது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பகுதி தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட பெண்கள் என்பது அந்த வழக்கிலேயே பேசப்பட்டது.

சம்மதம் பற்றியும் சட்டம் தெளிவாக இருக்கிறது. சமீரா கோலி வழக்கில், பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பெண்ணின் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும், வெளியே இருந்த தாயிடம் கையெழுத்து வாங்கி எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது தாயின் சம்மதம் மகளின் சம்மதம் ஆகாது என்று 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. புருஷன் கைநாட்டுக்கும் இதே நியாயம்தான்.

எனவே, ஏற்கெனவே ஆபரேஷன் ஆன அக்காமார்களே, டிரங்குப் பெட்டியில் கிடக்கும் அந்த டிஸ்சார்ஜ் காகிதத்தை எடுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். "பி.எஸ்.ஓ." என்ற மூன்று ஆங்கில எழுத்து இருந்தால், இரண்டு பக்கச் சினைப்பையும் குழாயும் எடுத்தாகிவிட்டது என்று பொருள். நாற்பத்தைந்து வயதுக்குள் அப்படி நடந்திருந்தால், அந்தக் காகிதத்தோடு பெரியகுளம் அரசு மருத்துவமனைக்கோ க.விலக்கு மருத்துவக் கல்லூரிக்கோ போய், ஹார்மோன் மாத்திரை பற்றியும் எலும்பு பற்றியும் கேளுங்கள். காகிதமே தரவில்லையா? சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் மருத்துவர் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறி விதி.

ஆபரேஷனுக்குப் பின் சில வாரம் லேசான கசிவு இருக்கும். அதிக ரத்தப்போக்கு, நாற்றம், காய்ச்சல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எல்லாம் ஆறி, வருடங்கள் கழித்து ரத்தம் பட்டாலும் காட்டியே ஆக வேண்டும். சுமார் ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது என்பார்கள். தண்ணிக்குடமும் மாங்காய்க் கூடையும் பாரம்தான். ஆறு வாரம் கூலி இல்லாமல் எந்த வீட்டில் உலை கொதிக்கும்? பிரசவத்துக்கு ஓய்வும் ஊதியமும் வேண்டும் என்று 1928இலேயே பம்பாய் சட்டசபையில் வாதாடினார் அண்ணல் அம்பேத்கர். நூறாண்டு நெருங்கியும் காட்டுக் கூலிப் பெண்ணின் அறுத்த வயிற்றுக்கு ஓய்வூதியம் இல்லை.

நாங்கள் கேட்பது மூன்று. எதை எடுத்தோம், எதை விட்டுவைத்தோம், ஏன் எடுத்தோம் என்று தமிழில் எழுதிய அட்டை ஒவ்வொரு பெண்ணின் கையிலும் இருக்க வேண்டும். சினைப்பை இழந்த பெண்களுக்கு ஹார்மோன் சிகிச்சையும் எலும்புப் பரிசோதனையும் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்க வேண்டும். ஆறு வாரக் கூலிக்கு ஈடு வேண்டும். அறுப்பதற்குக் காப்பீட்டில் பணம் இருக்கிறது என்றால், அறுத்த பின் அவள் வாழ்வதற்கும் பணம் இருக்க வேண்டும்.