குறை யார் பக்கம்?

புதிதாகத் தொழில் தொடங்கும் இளைஞர்களின் காதில் எல்லோரும் ஓதும் மந்திரம் ஒன்றுதான்: "முதல்ல எதையாவது வெளியே விடு, குறையைப் பிறகு பார்த்துக்கலாம்." கல்லூரி இன்குபேட்டருக்கு அறிவுரை சொல்ல வருபவர் சொல்கிறார். முதலீட்டாளர் சொல்கிறார். யூடியூபில் வியாபாரப் பாடம் எடுப்பவரும் சொல்கிறார். அப்படி வெளியே வருவதற்கு எம்.வி.பி. என்று ஒரு மரியாதையான பெயரும் இருக்கிறது: மினிமம் வயபிள் ப்ராடக்ட். ஆப்பைத் திறந்தால் ஓ.டி.பி. வராது. கணக்கிலிருந்து பணம் போயிருக்கும், ஆர்டர் பதிவாகியிருக்காது. உதவி என்ற பொத்தானை அழுத்தினால் 'விரைவில்' என்று ஒரு திரை வரும். கேட்டால், "இது எம்.வி.பி.தான் சார், அடுத்த வெர்ஷன்ல சரியாயிடும்" என்பார்கள்.

அடுத்த வெர்ஷன் வரும்போது அந்த வாடிக்கையாளர் இருக்கமாட்டார்.

சிறிதாகத் தொடங்குவதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. ஃபிராங்க் ராபின்சன் 2001இல் இந்தப் பெயரை வைத்தார். எரிக் ரீஸ் 2011இல் வந்த தன் 'தி லீன் ஸ்டார்ட்அப்' நூலின் மூலம் அதை உலகமெங்கும் கொண்டுபோனார். மிகக் குறைந்த உழைப்பில் வாடிக்கையாளரைப் பற்றி மிக அதிகமாகத் தெரிந்துகொள்வதுதான் ரீஸ் சொன்னதன் சாரம். அது நம் ஊருக்கு வந்து சேர்வதற்குள், முதல் பொருள் அரைகுறையாகத்தான் இருக்கும், வாங்குபவர்தான் பொறுத்துப்போக வேண்டும் என்று மாறிவிட்டது. இந்த நம்பிக்கை தவறு. இதற்குச் சாட்சியாக மேடைதோறும் சொல்லப்படும் வெற்றிக்கதைகளே இதற்கு எதிராகச் சாட்சி சொல்கின்றன.

ஜாப்போஸை எடுத்துக்கொள்வோம். 1999இல் அமெரிக்காவில் நிக் ஸ்வின்மர்ன் இணையத்தில் ஷூ விற்க முடியுமா என்று பார்க்க நினைத்தார். அவரிடம் கிடங்கும் இல்லை, சரக்கும் இல்லை. கடைகளுக்குப் போய் ஷூக்களைப் படம் பிடித்துத் தன் தளத்தில் போட்டார். ஆர்டர் வந்ததும் அதே கடைக்குப் போய், கடை விலை கொடுத்து வாங்கி அனுப்பினார். லாபம் ஒன்றும் இல்லை, அலைச்சல்தான் மிச்சம். வாங்கியவருக்கோ கேட்ட ஷூ கேட்ட அளவில் வீட்டுக்கு வந்தது. அவரைப் பொறுத்தவரை அது முழுமையான கடை.

ஃப்ளிப்கார்ட்டின் கதை இன்னும் பக்கத்தில் நடந்தது. 2007இல் பெங்களூருவில் சச்சின் பன்சாலும் பின்னி பன்சாலும் புத்தகக் கடையாக அதைத் தொடங்கினார்கள். முதல் ஆர்டர் மகபூப்நகரிலிருந்து வந்தது. ஜான் வுட் எழுதிய ஒரு புத்தகம். சப்ளையர்களிடம் அது கையிருப்பில் இல்லை. இன்றைய எம்.வி.பி. ஞானிகளாக இருந்தால் 'ஸ்டாக் இல்லை' என்று ஒரு மெயில் அனுப்பிவிட்டு, "நல்ல பாடம் கற்றோம்" என்று லிங்க்ட்இன்னில் ஒரு பதிவும் போட்டிருப்பார்கள். இவர்கள் பெங்களூருவின் புத்தகக் கடைகளில் ஏறி இறங்கித் தேடி, அந்தப் பிரதியைக் கண்டுபிடித்து அனுப்பினார்கள். கம்பெனியிடம் முறையான கொள்முதல் ஏற்பாடு இல்லை என்பது உண்மை. அது மகபூப்நகரில் இருந்தவருக்குத் தெரிய வேண்டிய தேவையே எழவில்லை.

ஏர்பிஎன்பியும் அப்படித்தான். 2007இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு வடிவமைப்பாளர் மாநாடு நடந்தபோது, வாடகைக்குத் திணறிக்கொண்டிருந்த இரண்டு நண்பர்கள் தங்கள் வீட்டுத் தரையில் காற்றடைத்த மெத்தைகளைப் போட்டு மூன்று பேரைத் தங்கவைத்தார்கள். தளம் சாதாரணம்தான். வந்தவர்களுக்குப் படுக்கையும் கிடைத்தது, காலைச் சாப்பாடும் கிடைத்தது.

மூன்றிலும் குறை இருந்தது. ஆனால் அது கம்பெனியின் பக்கம் இருந்தது. சரக்கு இல்லாத குறையையும் ஆள் இல்லாத குறையையும் மென்பொருள் இல்லாத குறையையும் தொடங்கியவர்கள் தங்கள் கால்வலியால் ஈடுகட்டினார்கள். வாடிக்கையாளரின் கைக்குப் போனது முழுதாகவே போனது. இந்த வேறுபாட்டைத்தான் 'எதையாவது வெளியே விடு' மந்திரம் விழுங்கிவிடுகிறது.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. குறைவாகச் செய் என்று சொல்லிக்கொண்டே இவர்கள் தேவைக்கு மேல் கட்டுகிறார்கள். கோவை பீளமேட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் மாணவர்களுக்கும் ஐ.டி. ஊழியர்களுக்கும் வீட்டுச் சாப்பாடு கொடுக்க இருவர் கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆறு மாதம் ஆப் கட்டுவதிலேயே போகும். லாகின், வாலெட், ரெஃபரல் கூப்பன், மேப்பில் நகரும் ஸ்கூட்டர் படம், அட்மின் டாஷ்போர்டு. எல்லாம் பாதி பாதி வேலை செய்யும். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததோ ஒரே ஒரு விஷயம்: மெஸ்ஸில் சாப்பிடுகிறவர் மாதப் பணத்தை முன்கூட்டியே கட்டி வீட்டுச் சாப்பாட்டுக்கு மாறுவாரா? இதற்குச் சமைத்துத் தர மூன்று வீடுகள், ஒரு வாட்ஸ்அப் குழு, ஒரு க்யூ.ஆர். அட்டை, ஒரு டூவீலர் போதும். மதியம் பன்னிரண்டே முக்காலுக்குள் சாம்பார் சூடாகப் போய்ச் சேர வேண்டும். மூடி கழன்று ரசம் பையில் ஊற்றக் கூடாது. அடுத்த மாதமும் அதே ஆட்கள் பணம் கட்டினால் பதில் கிடைத்துவிட்டது.

அரைகுறை ஆப்பை வைத்து இதே கேள்வியைக் கேட்டால் பதிலே கிடைக்காது. இருபது பேர் ஒரு முறை ஆர்டர் செய்துவிட்டு ஆப்பை நீக்கிவிடுகிறார்கள். அவர்களுக்குச் சாப்பாடு பிடிக்கவில்லையா, விலை பிடிக்கவில்லையா, அல்லது ஓ.டி.பி. வராத எரிச்சலா? யாருக்கும் தெரியாது. மோசமான பொருளைக் கொடுத்து எடுக்கும் சோதனையில், யோசனை தோற்றதா வேலை தோற்றதா என்று பிரிக்க வழியில்லை. நல்ல யோசனைகள் பல இப்படித்தான் வீணாகச் செத்திருக்கும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரிதான். ஆனால் பானை கொதித்திருக்க வேண்டும். ஊறின அரிசியைக் கடித்துப் பார்த்துவிட்டு இந்த ஊரில் சோறு விலைபோகாது என்று முடிவுகட்டுவதில் என்ன அறிவியல் இருக்கிறது?

பிறகு ஏன் ஆப்பையே கட்டுகிறார்கள்? ஏ.சி. அறையில் உட்கார்ந்து கோடிங் செய்வது, பன்னிரண்டு மணி வெயிலில் டிஃபன் கேரியரோடு மாடிப்படி ஏறுவதைவிடச் சுலபம். நோகாமல் நுங்கு தின்னும் ஆசைதான் இங்கே நவீன உத்தி என்று வேஷம் போடுகிறது. ரெட்பஸ்ஸைத் தொடங்கியவர்களும் முதலில் பஸ் உரிமையாளர்களுக்கான மென்பொருளைத்தான் எழுதினார்கள். அதை வாங்க ஆள் இல்லை. சில சீட்டுகளை எங்களிடம் கொடுங்கள், நாங்கள் விற்றுத் தருகிறோம் என்று அவர்கள் இறங்கிப் போன பிறகுதான் தொழில் நகர்ந்தது.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். முதல் வெர்ஷனைப் பார்த்து உங்களுக்கே கூச்சம் வரவில்லை என்றால் தாமதமாக வெளியிட்டுவிட்டீர்கள் என்று லிங்க்ட்இன்னைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரீட் ஹாஃப்மன் சொன்னதை நீட்டுவார்கள். கூச்சப்படுவது தொடங்கியவராக இருக்கும்வரை அது நல்ல அறிவுரை. பணம் கட்டி ஏமாந்தவர் கூச்சப்படும்படி ஆனால் அதற்கு வேறு பெயர். வேகமாகப் போ, உடைந்தால் உடையட்டும் என்று முழங்கிய ஃபேஸ்புக்கே 2014இல் அந்த வாசகத்தை மாற்றி, உறுதியான கட்டமைப்போடு வேகமாகப் போவோம் என்றது. உடைந்ததை ஒட்டவைக்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அந்த வேகம் வேகமே இல்லை என்று அவர்களுக்கும் புரிந்திருக்க வேண்டும்.

முழுதாகக் கொடுக்கவே முடியாத பொருள் என்றால் என்ன செய்வது? டிராப்பாக்ஸைப் பாருங்கள். கோப்புகளைப் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொல்லும் மென்பொருள் ஒரு கோப்பைத் தொலைத்தாலும் கதை முடிந்தது. அதன் நிறுவனர் ட்ரூ ஹூஸ்டன் அதைப் பொதுமக்களின் கையில் அவசரமாகத் திணிக்கவில்லை. அது எப்படி வேலை செய்யும் என்று காட்டும் ஒரு சின்ன வீடியோவை 2008இல் வெளியிட்டார். காத்திருப்போர் பட்டியல் ஒரே இரவில் 5,000இலிருந்து 75,000 ஆனது. ஒருவருடைய கோப்பும் தொலையாமல், மக்களுக்கு இது வேண்டுமா என்ற கேள்விக்குப் பதில் வந்துவிட்டது.

உயிரோடு விளையாடும் பொருள்களில் இந்த மந்திரம் வெறும் அபத்தம் மட்டுமல்ல, ஆபத்தும்கூட. 2022 கோடையில் நாட்டில் பல இடங்களில் மின் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்தன. ஒகினாவா 3,215 வண்டிகளையும் ஓலா 1,441 வண்டிகளையும் திரும்ப அழைத்தன. பேட்டரிச் சோதனை விதிகளை ஒன்றிய அரசு கடுமையாக்கியது. ஒவ்வொரு தீக்கும் காரணம் வேறாக இருக்கலாம். ஆனால் எரியும் வண்டியை அப்டேட் அனுப்பி அணைக்க முடியாது என்பது எல்லாவற்றுக்கும் பொது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்த இருவர் 2013இல் தொடங்கிய ஏத்தர், வாடிக்கையாளரிடம் முதல் ஸ்கூட்டரை ஒப்படைத்தது 2018இல். சில பொருள்களுக்கு ஐந்து வருஷம்தான் குறைந்தபட்சம்.

திரைக்குப் பின்னால் கையால் செய்துவிட்டு முன்னால் எந்திரம்போலக் காட்டுவதும் மோசடிதானே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தன் சொந்தக் கருவி சில சொட்டு ரத்தத்திலேயே பரிசோதித்துவிடும் என்று சொன்ன தெரானோஸ், பல பரிசோதனைகளைத் திரைக்குப் பின்னால் பிற நிறுவனங்களின் எந்திரங்களில்தான் செய்தது. தன் சொந்தக் கருவியில் எடுத்த இரண்டு ஆண்டு முடிவுகளை 2016இல் தானே ரத்தும் செய்தது. நிறுவனர் எலிசபெத் ஹோம்ஸ் முதலீட்டாளர்களை ஏமாற்றியதாக 2022இல் குற்றவாளி என்று தீர்ப்பானது. ஸ்வின்மர்ன் அனுப்பிய ஷூ அசல் ஷூ. தெரானோஸ் நோயாளிக்குக் கொடுத்த தாளை நம்பி மருந்து சாப்பிட முடியாது. திரைக்குப் பின்னால் எப்படிச் செய்தார்கள் என்பதைவிட, கைக்கு வந்தது மெய்யா என்பதுதான் உரைகல்.

ஆகவே, வெளியிடும் முன் ஸ்டார்ட்அப்காரர்கள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இதில் இருக்கும் குறையை யார் சுமக்கப்போகிறார்கள்? நீங்கள் என்றால் நாளைக்கே வெளியிடுங்கள். ஒரு மாதம் யோசிப்பதுகூட வீண். வாடிக்கையாளர் என்றால் அவருக்குக் கொடுப்பதைக் குறையுங்கள், பத்து வசதியை ஒன்றாக்குங்கள், நூறு பேரைப் பத்துப் பேராக்குங்கள், அந்தப் பத்துப் பேருக்கு அந்த ஒன்றை ஒழுங்காகச் செய்து கொடுங்கள். சோதனை உங்களுடையது, அதன் செலவும் உங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும்.