ஏழு சீரும் ஒரு படியும்

இரண்டு மணி நேரம் நாம் முழங்கிய பேச்சு, கூட்டம் கலைந்ததும் காற்றோடு போகிறது. நடுவே தெறித்து விழுந்த நான்கு சொற்கள் மட்டும் தெருத்தெருவாய் நடக்கின்றன. ஏன்?

தொல்காப்பியர் செய்யுளியலில் விடை வைத்திருக்கிறார். முதுமொழிக்கு நுண்மை வேண்டும், சுருக்கம் வேண்டும், ஒளி வேண்டும் என்றவர் அத்தோடு நின்றாரில்லை. கருதிய பொருளை முடித்துக்காட்டும் ஏதுவும் வேண்டும் என்றார். ஏது என்றால் காரணம். நம் மேடைகள் மறந்தது இதைத்தான்! எதுகையும் மோனையும் சேர்ந்துவிட்டால் பொன்மொழி பிறந்துவிட்டதென்று மகிழ்கிறோம். அடுக்குமொழி வேறு, சுருக்குமொழி வேறு. முன்னது சொல்லைப் பெருக்குவது. பின்னது சொல்லைச் சுண்டவைத்துப் பொருளைத் திரட்டுவது. வள்ளுவர் ஏழே சீரில் வழக்கையும் உரைத்துத் தீர்ப்பையும் உரைத்தார். பழமொழி நானூறு பாடிய முன்றுறை அரையனாரோ, ஊரார் வாயில் புழங்கிய மொழிகளையே தம் வெண்பாக்களுக்குச் சாட்சியாக அழைத்தார். பாமரனிடம் புலவன் கடன் வாங்கிய நூல் அது. அதை அவர் இழிவென்று கருதவில்லை.

அரசியலில் சுருக்குமொழிக்கு விலையும் உண்டு. 1967 தேர்தலில் அறிஞர் அண்ணா, ரூபாய்க்கு மூன்று படி அரிசி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்றார். ஆசை எவ்வளவு, உறுதி எவ்வளவு என்று கோடு கிழித்தே வாக்குக் கேட்ட மொழி அது! (தேர்தல் காலத்தில் இத்தகைய அளவெடுப்பு அரிது.) ஆட்சி வந்தது; சென்னையிலும் கோவையிலும் படியரிசி தொடங்கியது; நிதிச்சுமையால் நாடெங்கும் பரவ இயலவில்லை. நீண்ட அறிக்கையாய் எழுதியிருந்தால் எவர் பக்கம் புரட்டியிருப்பார்? 'நிச்சயம்' என்ற சொல்லையோ எவரும் மறக்கவில்லை. எதிரணியினர் மறக்க விடவுமில்லை.

இன்னொரு படிக்கு வருவோம். 1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் கண்ட ஊர் திருப்பூர். விலைவாசி ஏறினால் கூலியும் ஏறவேண்டும் என்னும் கோரிக்கையும் அதன் காரணமும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள்ளேயே இருந்தன. எதுகை எதற்கு?

பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடித்து வரும் தொழிலாளிக்குத் தலையங்கம் படிக்க நேரமேது? சுவரில் உள்ளதை நடந்தபடியே படிக்கிறார். இன்றோ அவர் பக்கத்தில் ஒடியா பேசுவோரும் இந்தி பேசுவோரும் திரளாக நடக்கின்றனர். நம் மோனை அவர்கள் செவிக்கு வெறும் ஓசை. காரணம் மட்டுமே அவர்கள் மொழிக்குப் பெயர்ந்து செல்லும். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும் தோழர்கள், எழுதப்போகும் வரியை முதலில் அவர்களிடம் சொல்லிப் பார்க்கட்டும்.