வீட்டை விற்று விமானம் ஓட்டலாமா?

"ஹஜ்ரத்! பையன் விமானம் ஓட்டப் படிக்கணும்ங்கிறான். வீட்டை வித்துரட்டுமா?"

சிவகாசியில் ஒரு கூட்டம் முடிந்து மேடையை விட்டு இறங்கிய என்னிடம் ஒரு தகப்பனார் இப்படிக் கேட்டார். ஆப்செட் அச்சகத்தில் முப்பது ஆண்டுகளாகப் பட்டாசு லேபிள் அடித்து வருபவர். அந்த வீட்டைத் தவிர வேறு சொத்து இல்லாதவர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகன் பக்கத்தில் தலைகுனிந்து நின்றான்.

"அவசரப்படாதீங்க பாய், விசாரிச்சுச் சொல்றேன்" என்றேன். பயிற்சி முடித்தவர்களிடமும் பயிற்சியில் இருப்பவர்களிடமும் விசாரித்தேன். அறிந்ததை உங்கள் முன் வைக்கிறேன். ஏனெனில் இது ஒரு தகப்பனாரின் கேள்வி மட்டுமல்ல.

சகோதரர்களே! விமானப் பயிற்சி என்றால் வானில் பறப்பது என்று நினைக்கிறோம். அதில் பெரும்பகுதி தரையில்தான் நடக்கிறது. வெயில் ஏறினால் சிறிய விமானத்தைக் காற்று தூக்கிப் போடும் என்பதால் விடியுமுன் எழ வேண்டும். இறக்கையில் உள்ள டாங்கிலிருந்து சிறிது எரிபொருளை எடுத்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும், பட்டியலைக் கையில் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே கிளம்ப வேண்டும். 'எல்லாம் எனக்குத் தெரியும்' என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. அந்தப் பேச்சு மருந்து அறையில் என்ன செய்யும் என்பது நம் வட்டாரத்துக்குத் தெரியாததா?

ஒரு நாள் ஆசிரியர் திடீரென்று விமானத்தை விட்டு இறங்கி, "இனி நீயே போ" என்பார். பக்கத்து இருக்கை காலி. ஆள் குறைந்ததால் விமானம் வழக்கத்தைவிட வேகமாக மேலே ஏறும். தனியே ஒரு சுற்றுச் சுற்றி இறங்கியவன் தலையில் தண்ணீரை ஊற்றி நண்பர்கள் கொண்டாடுவார்கள். அந்த ஒரு நாளை எந்த மாணவனும் மறப்பதில்லை.

ஆனால் அதோடு முடிந்துவிடவில்லை. வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் தானே பொறுப்பேற்று ஓட்டியிருக்க வேண்டும். 300 கடல் மைல் தூரப் பயணம் ஒன்று, இரவுப் பறப்பு வேறு. வழி கண்டறிதல், வானிலை, விமானச் சட்டம், இயந்திர அறிவு எனத் தாள்கள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 70 எடுத்தால்தான் தேர்ச்சி. வானொலியில் கண்ட்ரோல் டவருடன் ஆங்கிலத்தில் பேசவும் தனித் தேர்வு உண்டு. தமிழ் வழியில் படித்த பிள்ளை தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

மருந்து காயாத மழை நாளில் நம் ஊரில் கூலி இல்லை. மேகம் கவிந்த நாளில் அங்கே பறப்பு இல்லை. ஆனால் விடுதி வாடகையும் சாப்பாட்டுச் செலவும் மேகத்தைப் பார்த்து நிற்பதில்லை. பயிற்சிக் கட்டணமோ அரைக் கோடியைத் தொடுகிறது. உரிமம் கிடைத்த பின், பெரிய விமானத்தை ஓட்டுவதற்கான தனிப் பயிற்சிக்கு மேலும் பல லட்சங்கள் வேண்டும். இதைச் சேரும் நாளில் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை.

ஹைதராபாத் பழைய நகரத்தைச் சேர்ந்த சையதா சல்வா ஃபாத்திமாவைப் பாருங்கள். பேக்கரித் தொழிலாளியின் மகள். 2007ல் பயிற்சியில் சேர்ந்தார். 2013ல்தான் உரிமம் கைக்கு வந்தது. 'சியாசத்' உருது நாளிதழின் ஆசிரியர் ஜாஹித் அலி கான் கைகொடுத்துப் படிக்க வைத்தார். உரிமத்துக்குப் பிறகும் மேற்பயிற்சிக்குப் பணமில்லாமல் நின்றபோது தெலங்கானா அரசு நிதி தந்தது.

ஆறு ஆண்டுகள்! ஒரு தொழிலாளி வீட்டை விற்ற பணம் இத்தனை காலம் தாங்குமா? பாதி வழியில் பணம் தீர்ந்தால் வீடும் இல்லை, உரிமமும் இல்லை. சல்வா கரை சேர்ந்தது ஒரு குடும்பத்தின் பலத்தால் அல்ல. ஒரு சமுதாயமும் ஓர் அரசும் தோள் கொடுத்ததால்தான்.

எனவே பெற்றோர்களே, பணம் கட்டுமுன் இவற்றைச் செய்யுங்கள்.

முதலில் மருத்துவப் பரிசோதனை. கண்ணாடி போட்டவன் விமானியாகலாம். நிறக்குருடு இருந்தால் வழி அடைபடும். சில ஆயிரத்தில் தெரிய வேண்டியதைப் பல லட்சத்தை இழந்து தெரிந்துகொள்ளாதீர்கள்.

இரண்டாவது, பள்ளியை விசாரியுங்கள். எத்தனை மாணவர்கள், எத்தனை விமானங்கள் பறக்கும் நிலையில் உள்ளன, கடந்த முறை சேர்ந்தவர்கள் எப்போது முடித்தார்கள் என்று கேளுங்கள். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2025 முதல் பயிற்சிப் பள்ளிகளைத் தரம் பிரித்து வெளியிடுகிறது. அதைப் பாருங்கள். கட்டணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள்.

மூன்றாவது, உத்தரப்பிரதேசம் புர்சத்கஞ்சில் மத்திய அரசின் இந்திரா காந்தி விமானப் பயிற்சி அகாடமி இருக்கிறது. நுழைவுத் தேர்வு மூலம் சேர்க்கிறார்கள். பிற்படுத்தப்பட்டோருக்கு இடஒதுக்கீடு உண்டு. ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பைகள் மத்திய அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். மாநிலச் சாதிச் சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் தனியாக வாங்க வேண்டும். இது தெரியாமல் எத்தனை வாய்ப்புகளைத் தவற விடுகிறோம்!

ஜமாஅத் பெரியவர்களே! கல்யாண மண்டபத்தில் ஒரே இரவில் கரையும் பணத்தைக் கணக்குப் பாருங்கள். ஒவ்வொரு மஹல்லாவும் ஒரு பங்கு ஒதுக்கினால் மாவட்டத்துக்கு ஒரு பிள்ளையையாவது கரை சேர்க்க முடியாதா?

அரசுக்கும் ஒரு கோரிக்கை. சிவகாசிக்குப் பக்கத்தில், கோவில்பட்டி அருகே ஒரு விமான ஓடுதளம் இருக்கிறது. அங்கே பயிற்சிப் பள்ளி அமைக்க டிட்கோ நிறுவனம் முயற்சி மேற்கொண்டிருக்கிறது. அந்தப் பள்ளியில் பட்டாசு, தீப்பெட்டி, அச்சகத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு, எந்தச் சமூகத்தவராயினும், அரசு கட்டணத்தில் சில இடங்கள் ஒதுக்கப்பட வேண்டும். அந்தப் பிள்ளைகள் அந்த விமானங்களை அண்ணாந்து பார்த்துக் கொண்டிருக்க மட்டுமா பிறந்தார்கள்?

அந்தத் தகப்பனாருக்கு என் பதில் இதுதான்: "வீட்டை விக்காதீங்க பாய். பையனையும் தடுக்காதீங்க."

தம்பி இந்த மாதம் மருத்துவப் பரிசோதனைக்குப் போகிறான். அதில் தேறி வந்தால், இன்ஷா அல்லாஹ், அடுத்த அடியை அவனோடு சேர்ந்து எடுத்து வைக்க வேண்டியவர்கள் நாம். தயாரா?