கால் பெரிதா, அரைக்கால் பெரிதா?

இதய நோயாளிகளுக்குக் கொடுக்கும் டிகாக்சின் மாத்திரை 0.125 மில்லிகிராமிலும் வருகிறது, 0.25 மில்லிகிராமிலும் வருகிறது. இரண்டில் எது அதிகம்? நர்சிங் முதலாண்டு வகுப்பில் கேட்டால், 0.125 என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. 25-ஐவிட 125 பெரியது என்பது அவர்கள் கணக்கு.

இதை மந்தபுத்தி என்று ஒதுக்குவது அநியாயம். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் விக்கி ஸ்டைன்லியும் கே ஸ்டேசியும் தசமக் குழப்பங்களை விரிவாக ஆராய்ந்தவர்கள். புள்ளிக்குப் பின் இலக்கங்கள் கூடினால் எண் பெரியது என்று நினைப்பவர்கள் ஒரு வகை. குறைந்தால்தான் பெரியது என்று நினைப்பவர்கள் இன்னொரு வகை. டிகாக்சின் கேள்விக்கு இரண்டாம் வகையினர் தவறான காரணத்தால் சரியான விடை சொல்லிவிடுவார்கள். 0.3, 0.45 எது பெரிது என்றும் கேட்டால்தான் அவர்களுடைய குழப்பம் பிடிபடும். ஆசிரியர்கள் இரண்டு மாதிரியும் கேட்டாக வேண்டும்.

1996-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், இரண்டு மாதக் குழந்தைக்கு 0.09 மில்லிகிராம் டிகாக்சின் தர வேண்டியது 0.9 என்று எழுதப்பட்டது. பத்து மடங்கு மருந்து ஏறியது. குழந்தை இறந்தது. பல கைகளைத் தாண்டிச் சென்ற அந்த எண்ணை ஒருவராலும் கடைசிவரை தடுக்க முடியவில்லை.

ஆரணியில் பட்டுத் தறி ஓடும் வீட்டிலிருந்து நர்சிங் படிக்கப் போகும் பெண்ணுக்கு, இப்படிப்பட்ட தசமக் குழப்பத்தைத் தவிர்க்க ஒரு நல்ல துணை வீட்டுக்குள்ளேயே கிடைக்கலாம். 0.25 என்பது கால், 0.125 என்பது அரைக்கால், 0.0625 என்பது மாகாணி. பழைய வாய்ப்பாடு படித்த பெரியவர் யாரும் அரைக்காலைக் காலைவிடப் பெரிது என்று சொல்லமாட்டார். பிரிட்டனில் விற்கும் டிகாக்சின் மாத்திரைகள் 62.5, 125, 250 மைக்ரோகிராம். மில்லிகிராம் கணக்கில் அதே மாகாணி, அரைக்கால், கால்தான். மைக்ரோகிராமில் எழுதும்போது சிறு அளவுகளில் தசமப்புள்ளி பெரும்பாலும் மறைந்துவிடுவதால் குழப்பமும் குறைகிறது.

இலக்கங்களைச் சமமாக்கிப் பார்ப்பது இன்னொரு வழி. 0.25-ஐ 0.250 என்று எழுதி, 0.125-க்கு நேர் கீழே வைத்தால் எது பெரிது என்பது கண்ணுக்கே தெரியும். நகைக்கடை ரசீதில் எட்டு கிராம் 8.000 என்று அச்சாவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது பழகிய முறை. ஆனால் அந்தக் கடைசிச் சுழி கணக்கு நோட்டோடு நின்றுவிட வேண்டும், கேஸ் ஷீட்டுக்குப் போகக் கூடாது. 5.0 என்று எழுதி, புள்ளி மங்கினால் அது 50 ஆகிவிடும். முன்சுழியோ கட்டாயம் வேண்டும்: .5 என்று எழுதினால் 5 என்று படிக்கப்படலாம், 0.5 என்றே எழுத வேண்டும்.

பக்கத்து வேலூரில் சிஎம்சி 1946-லேயே செவிலியர் பட்டப்படிப்பைத் தொடங்கிவிட்டது. இத்தனை நீண்ட மரபுள்ள வட்டாரத்தில், மருந்தளவுச் சூத்திரம் கற்பிக்கும் முன்பே ஒரு பழக்கத்தை ஊட்டலாம். டாக்டர் எழுதியது 0.125, கையில் இருப்பது 0.25 மாத்திரை. ஒரு மாத்திரைக்கு மேல் வருமா, ஒன்றுக்குள் வருமா? பேனாவைத் தொடும் முன் மாணவி இதை வாய்விட்டுச் சொல்லட்டும். “ஒன்றுக்குள்” என்று சொன்னவள், பிறகு கணக்கில் இரண்டு மாத்திரை என்று விடை வந்தால் அங்கேயே நின்று திரும்பப் போட்டுப் பார்ப்பாள்.